கோட்டை வாங்கிய துரையும் சித்திரப் புத்தகங்களும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலை நெருங்கும் இடத்தருகே, முட்செடிகளுக்கு நடுவில் சில செங்கல் சுவர்கள் நிற்கின்றன. வெள்ளிக் கடற்கரைக்குக் காற்று வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடு மேய்க்கும் பையன்களுக்கு அது நிழல் தரும் சுவர், அவ்வளவுதான். புனித டேவிட் கோட்டை என்று சரித்திரப் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்தோமே, அதில் மிஞ்சியிருப்பது இவ்வளவே.

அந்தச் சுவரடியில்தான் ஒரு ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டரை நான் சந்தித்தேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடமும் வாழைப்பழமும் வரையச் சொல்லிக் கொடுத்தவர். அவர் கையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு. அதில் வரவு செலவு இல்லை, புத்தகங்களின் பெயர்கள். எல்லாம் இங்கிலீஷ் ஓவியர்களைப் பற்றியவை. யார் எழுதியது, எந்த வருஷம் அச்சானது, எங்கே பார்த்தார், எந்தப் பக்கத்தில் தென்னாட்டுப் படம் இருக்கிறது என்றெல்லாம் முத்து முத்தான எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார்.

"எதற்காக ஐயா இவ்வளவும்?" என்று கேட்டேன்.

"இந்தக் கோட்டை முழுசாக நின்றபோது ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்து வரைந்திருப்பான் அல்லவா, தம்பி? அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை" என்றார்.

ஆசை சின்னதுதான். ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் அது அமெரிக்கா வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

குண்டு விழுந்த தூரம்

1690-ம் வருஷம் சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக விலை பேசி வாங்கினார். எல்லை எது என்பதற்கு அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு வேடிக்கையானது. கோட்டையிலிருந்து நாலா பக்கமும் பீரங்கி சுடுவது. குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம். சும்மா விடுவார்களா? சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பி வைத்தார்கள். அப்படிக் குண்டடியில் சேர்ந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. கடலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்றும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். யேல் வேல்ஸ் வம்சத்தவர். அந்நாட்டின் காவல் புனிதரான டேவிட்டின் பெயர் கோட்டைக்கு வந்ததற்கு அதைக் காரணமாகச் சொல்வதுண்டு.

யேல் பிறந்தது அமெரிக்காவில், பாஸ்டனில். சென்னையில் சம்பாதித்த சொத்தோடு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். 1718-ல் அமெரிக்காவில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரி அவரிடம் கை நீட்டிற்று. அவர் அனுப்பியவை ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படம் ஒன்று. சரக்கு 562 பவுனுக்கு விலை போயிற்று. நன்றிக்கு அடையாளமாகக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்று யேல் சர்வகலாசாலை என்று உலகமே அறிந்திருக்கிற பெயர், நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு விலை பேசிய அதே துரையின் பெயர்தான்!

இங்கிலீஷ் ஓவியர்களைப் பற்றிய புத்தகங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பால் மெல்லன் என்ற அமெரிக்கச் செல்வர் தம் வாழ்நாளெல்லாம் பிரிட்டிஷ் சித்திரங்களையும் சித்திரப் புத்தகங்களையும் வாங்கிச் சேர்த்தார். அவற்றில் பெரும்பகுதியை யேல் சர்வகலாசாலைக்குக் கொடுத்தார். அவற்றுக்கென்று கட்டிய மாளிகை 1977-ல் திறக்கப்பட்டது. கட்டடக்கலை வல்லுநர் லூயி கான் வரைந்து கொடுத்தது அது. ஆமதாபாத்தில் நிர்வாகக் கல்லூரிக்குச் செங்கல் வளைவுகளை எழுப்பினாரே, அதே கான்தான். பிரிட்டனுக்கு வெளியே இவ்வளவு பிரிட்டிஷ் ஓவியங்கள் வேறெங்கும் ஒரே கூரையின் கீழ் இல்லை. லண்டனிலும் மெல்லன் பெயரால் 1970 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. ஆங்கிலேய ஓவியர்களைப் பற்றி வெளிவரும் கனமான புத்தகங்களில் மிகப் பலவற்றின் முதுகில் யேல் பெயரைப் பார்க்கலாம்.

மாஸ்டரின் நோட்டில் முதல் பக்கத்துக் குறிப்பே அந்த யேல் மாளிகையில் உள்ள ஒரு படத்தைப் பற்றியது. சுமார் 1719-ல் தீட்டியது. ஜான் வெரெல்ஸ்ட் என்பவர் கைவேலையாக இருக்கலாம் என்கிறார்கள். நடுவே கவர்னர் யேல், சுற்றிலும் அவருடைய உறவுக்காரப் பிரபுக்கள், மேஜைமேல் மது, புகைக்குழாய். பின்னால் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஓரத்தில் மது பரிமாற ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். அவன் கழுத்தைப் பாருங்கள்: உலோகப் பட்டை, அதில் பூட்டு. நாய்க்குக்கூட நாம் பூட்டுப் போடுவதில்லை.

இந்தப் படம் வெகுகாலம் ஒரு பெருமையாகவே சுவரில் தொங்கியது. 2020-ல் அதை இறக்கிவிட்டு ஆராய்ச்சி நடத்தினார்கள். பிரபுக்களின் பெயர்கள் கிடைத்தன. பையனுக்குச் சுமார் பத்து வயது இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அவன் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. பிறகு புதிய விளக்கக் குறிப்போடு படத்தை மறுபடியும் மாட்டினார்கள். நம் கரையிலிருந்தும் அந்நாளில் ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய செய்தி கம்பெனியின் ஏடுகளிலேயே இருக்கிறது. யேல் தன் மகன் டேவிட்டைச் சென்னையில் அடக்கம் செய்து எழுப்பிய கல்லறைக் கூம்பு உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. குழந்தையைப் பறிகொடுத்த வேதனை அவரும் அறிந்தவர்தான். அதை நினைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்த்தால் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை.

ஓவியரை மறித்த ஹைதர்

கோட்டை கம்பெனியின் கைக்கு வந்த காலத்தில் தொழில்முறை ஓவியர் எவரும் இங்கிலாந்திலிருந்து நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது இந்தக் கடலூர்க் கோட்டைதான் கம்பெனிக்குத் தலைநகரம் ஆயிற்று. மாறுவேஷத்தில் சென்னையிலிருந்து தப்பி வந்த கிளைவ் நுழைந்தது இதற்குள்தான். 1756-ல் அவரே இதன் தலைவராகவும் வந்தார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்துத் தள்ளிவிட்டார். பேர் சொல்லத்தக்க முதல் ஓவியரான டில்லி கெட்டில் சென்னையில் வந்து இறங்கியது 1769-ல்! அவரும் ஆர்க்காட்டு நவாப் முகம்மதலியின் உருவத்தைத் தீட்டிக் காசு பார்த்தாரே ஒழிய, இடிந்த கோட்டையைத் தேடி வரவில்லை. ஆக, மாஸ்டருடைய ஆசைக்கு முதல் இடி பதினொரு வருஷ வித்தியாசத்தில் விழுந்துவிட்டது.

அடுத்து வந்தவர் வில்லியம் ஹாட்ஜஸ். இவரைப் பற்றி நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். கருமான் மகன், காப்டன் குக்கின் இரண்டாவது கடல் யாத்திரையில், 1772 முதல் 1775 வரை, கப்பல் ஓவியராகத் தென்கடலெல்லாம் சுற்றியவர். தகிடி தீவையும் பனிமலைகளையும் வரைந்த அதே கையோடு 1780-ல் சென்னைக்கு வந்தார். கோயில்களைப் பார்க்க வேண்டும், தெற்கே போக வேண்டும் என்று திட்டம். வந்த சில மாதங்களில் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் புகுந்துவிட்டார். மூட்டை முடிச்சோடு, பிள்ளை குட்டிகளோடு, ஜனங்கள் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடி வந்த காட்சியை ஹாட்ஜஸ் தம் பிரயாணப் புத்தகத்தில் விவரிக்கிறார். சித்திரக்காரர் அல்லவா, எழுத்திலும் கண் வேலை செய்கிறது. அந்தப் புத்தகம் 1793-ல் வெளிவந்தது. ஒரு வருஷம்போலச் சென்னையிலேயே முடங்கிக் கிடந்துவிட்டு அவர் வங்காளத்துக்குக் கப்பலேறிவிட்டார்.

அவர் தெற்கே வந்திருந்தால் எதைப் பார்த்திருப்பார்? யுத்தத்தைத்தான் பார்த்திருப்பார். 1781 ஜூன் 18-ந் தேதி ஆங்கிலத் தளபதி ஐர் கூட் சிதம்பரத்தைத் தாக்கினார். ஹைதருடைய படை கோயிலையே கோட்டையாக்கிக்கொண்டு உள்ளே இருந்தது. கூட் அடி வாங்கித் திரும்பினார். நடராஜப் பெருமான் ஆனந்தக் கூத்தாடும் கோயிலின் மதில்மேல் துப்பாக்கிகள்! இரண்டு வாரம் கழித்து, ஜூலை முதல் தேதி, பரங்கிப்பேட்டையில் இரு படைகளும் மோதின; அங்கே கூட் ஜெயித்தார். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே இன்று பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறோமே, அந்தப் பாதையில்தான் இத்தனையும் நடந்தது.

ஹாட்ஜஸ் வட இந்தியாவில் வரைந்தவற்றிலிருந்து 48 படங்களைத் தேர்ந்து 1785 முதல் வெளியிட்டார். இந்தியக் கட்டடங்களை அளக்கக் கிரேக்க நாட்டுக் கோலைத் தூக்கி வராதீர்கள், அந்தந்த நாட்டுக் கட்டடத்துக்கு அந்தந்த நாட்டிலேயே வேர் உண்டு என்று 1787-லேயே எழுதிய மனிதர் அவர். அப்படிப்பட்ட கண் சிதம்பரத்தைப் பார்க்காமல் போனது நமக்கு நஷ்டம்தான். கடைசிக் காலத்தில் தூரிகையைப் போட்டுவிட்டுப் பாங்கு ஒன்றில் பணம் போட்டார். 1797-ல் பாங்கு முறிந்தது. சில நாளில் அவரும் இறந்துபோனார். இவரைப் பற்றி 1979-ல் இஸபெல் ஸ்டூபியும், 2000-ல் கைல்ஸ் டில்லட்ஸனும் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். 2004-ல் யேல் பதிப்பாக வந்த பெரிய தொகுதியும் உண்டு.

கடற்போருக்கு ஓவியர் உண்டு

கடலூருக்கு வேறு விதத்தில் சித்திர யோகம் அடித்தது. 1783-ல் பிரெஞ்சுக்காரர் ஊருக்குள், ஆங்கிலேயர் வெளியே முற்றுகை. ஜூன் 20-ந் தேதி கடலூருக்கு எதிரே சமுத்திரத்தில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் பீரங்கியால் பேசிக்கொண்டார்கள். இருவருக்கும் இது ஐந்தாவது சண்டை. இதில் பெரிய வேடிக்கை: ஐரோப்பாவில் முதல் சமாதான ஒப்பந்தம் ஜனவரி 20-ந் தேதியே கையெழுத்தாகிவிட்டது. தபால் வந்து சேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. சமாதானம் ஆனது தெரியாமலே செத்தவர்கள் எத்தனை பேரோ!

ஹியூஸின் உருவத்தைச் சர் ஜோஷுவா ரேனால்ட்ஸ் தீட்டினார்; அது கிரீனிச்சில் இருக்கிறது. அவருடைய கடற்போர்களைத் தீட்டியவர் டொமினிக் செர்ஸ். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயரின் ராயல் அக்காடமியை நிறுவியவர்களில் ஒருவர். அவரைப் பற்றி ஆலன் ரஸ்ஸெட் 2001-ல் எழுதிய புத்தகம் மாஸ்டர் நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது. கடலூர்ச் சண்டையைப் பெரிய படமாகத் தீட்டிய ழ்யூகெலெ என்ற பிரெஞ்சு ஓவியர் அதைச் செய்தது 1836-ல். அரை நூற்றாண்டு கழித்து! பாய்மரம், புகை, அலை எல்லாம் தத்ரூபமாக இருக்கின்றன.

"கப்பல் இருக்கிறது தம்பி, கரைதான் இல்லை" என்றார் மாஸ்டர்.

இருநூறு கினி புத்தகம்

தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் பெயர் போன ஜோடி. சித்தப்பா சாராயக் கடைக்காரர் மகன். இங்கிலாந்தை விட்டுக் கிளம்பும்போது பையனுக்கு வயது 16. 1786-ல் கல்கத்தா வந்தார்கள். வடக்கே சுற்றி வரைந்த படங்களை லாட்டரிச் சீட்டுப் போட்டு விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் 1792-ல் நம் தென்னாட்டுக்கு வந்தார்கள். திப்புவுடன் உடன்படிக்கை ஆகி வழி திறந்திருந்த சமயம். திருச்சி மலை, தஞ்சைப் பெரிய கோயிலும் நந்தியும், மதுரைத் திருமலை நாயக்கர் மகால், ராமேசுவரம், பாபநாசம் அருவி, மாமல்லபுரம் என்று ஒவ்வொன்றாக வரைந்து குவித்தார்கள்.

ஊர் திரும்பிய பிறகு 1795 முதல் 1808 வரை பதின்மூன்று வருஷம் அந்த வேலையே வேலை. செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடேற்றி, திராவகம் ஊற்றி அரித்து, அச்செடுத்து, பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் தீட்டுவது. மொத்தம் 144 படங்கள். முழு வரிசையின் விலை 210 பவுன், அதாவது 200 கினி. அந்தப் பணத்துக்கு அந்நாளில் ஒரு ஏழைக் குடும்பம் பல வருஷம் சாப்பிடலாம். படங்களைப் பார்த்து இங்கிலாந்துக் குயவர்கள் நீலப் பீங்கான் தட்டுகளில்கூட நம் கோயில்களை அச்சடித்து விற்றார்கள். நம் கோபுரத்தின்மேல் துரைசானிகள் இறைச்சித் துண்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள் என்று நினைக்கச் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

இந்த 144-ல் கடலூரும் சிதம்பரமும் என் கண்ணில் படவில்லை. மாஸ்டர் மூன்று முறை தேடினாராம்.

டேனியல்களைப் பற்றித் தாமஸ் ஸட்டன் எழுதிய புத்தகம் 1954-ல் வந்தது. ஆனால் இந்த வகைப் புத்தகங்களில் யாரையாவது நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டுமானால் அது மில்ட்ரெட் ஆர்ச்சர் அம்மையாரைத்தான். ஐ.சி.எஸ். அதிகாரியின் மனைவியாக 1934-ல் இந்தியாவுக்கு வந்தவர். பிறகு லண்டன் இந்தியா ஆபீஸ் நூலகத்தில், பெட்டி பெட்டியாக முடங்கிக் கிடந்த சித்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, யார் வரைந்தது, எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதினார். 1969-ல் இரண்டு பாகமாக வந்த பட்டியல், 1979-ல் உருவப்பட ஓவியர்களைப் பற்றிய பெரிய நூல், 1980-ல் டேனியல்களின் பயணம். இவற்றோடு நிறுத்தவில்லை. துரைமார்களுக்காக நம்மவர்கள் வரைந்த சித்திரங்களுக்கும் 1972-ல் ஒரு பட்டியல் போட்டார். தஞ்சாவூரில் மூச்சியர் என்று பெயர் பெற்ற சித்திரக்காரர்கள் செடியும் பறவையும் தொழிலாளிகளும் தீட்டினார்களே, அந்த வேலைக்கு அங்கேதான் மரியாதை கிடைத்தது. ஆனால் பெரும்பாலான தாளில் பெயர் இல்லை. துரை பெயர் உண்டு. தீட்டியவன் பெயர் இல்லை.

ஐம்பத்தாறு தூண்கள்

சிதம்பரத்துக்குக் கடைசியில் ஒருவர் வந்தார். அவர் தொழில் சித்திரம் அல்ல, அவுரி வியாபாரம்! ஜேம்ஸ் பெர்குஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கல்கத்தாவில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு 1835 முதல் சில வருஷம் இந்தியாவெங்கும் சுற்றி, கண்ணாடிப் பட்டகம் வைத்த ஒரு சிறு கருவியின் துணையால் கட்டடங்களை அளவு பிசகாமல் வரைந்தார். 1876-ல் வந்த அவருடைய கட்டடக்கலைச் சரித்திரத்தில் சிதம்பரத்துக்குப் படத்தோடு இடம் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சில்லம்பரம் என்று கடித்துக் குதறியிருக்கிறார், அதை மன்னித்துவிடலாம். நிருத்த சபையைப் பற்றி அவர் எழுதியிருப்பதன் சாரம் இது: சுமார் எட்டு அடி உயரத்தில் 56 தூண்கள், நுணுக்கமான வேலை, அடித்தளத்தில் ஆடும் உருவங்கள், தென்னாட்டில் அவர் கண்ட அந்த வகைச் சிற்பங்களில் இவற்றைப்போல நளினமானவை வேறு இல்லை.

சிற்பத்தின் அழகை ஒப்புக்கொண்டவர்கள்கூட அதன் உள்ளே இருக்கும் எண்ணத்தை நெருங்கவில்லை. நாலு கை தெய்வம் ஐரோப்பியப் பண்டிதர்களுக்கு வெகுநாள் பரிகாசப் பொருளாகவே இருந்தது. 1910-ல் லண்டனில் ஒரு கூட்டம். 1884 முதல் சென்னைச் சித்திரக் கலாசாலைக்குத் தலைவராக இருந்து, பின்னர் கல்கத்தாவில் பணிபுரிந்த ஹாவெல் துரை நம் கலைக்காகப் பரிந்து பேசினார். சர் ஜார்ஜ் பேர்ட்வுட் எழுந்து, ஜாவாத் தீவிலிருந்து வந்த புத்தர் சிலை ஒன்றைக் காட்டி, இதற்கும் கொழுப்பில் வேகவைத்த களி உருண்டைக்கும் வித்தியாசம் இல்லை என்கிற கருத்தில் பேசிவிட்டார். ஓவியர் ரோதன்ஸ்டைனுக்குக் கோபம் வந்துவிட்டது. தோழர்களைச் சேர்த்துக்கொண்டு பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அதே வருஷம் இந்தியக் கலைக்கென்று லண்டனில் ஒரு சங்கமே பிறந்தது. களி உருண்டையால் விளைந்த நன்மை!

அந்தச் சமயத்தில் நமக்காகப் பேசியவர்களுள் முதன்மையானவர் ஆனந்த குமாரசாமி. யாழ்ப்பாணத் தமிழரான சர் முத்து குமாரசாமிக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877-ல் கொழும்பில் பிறந்தவர். தில்லைக் கூத்தின் பொருளை அவர் ஐரோப்பிய நூல்களிலிருந்து எடுக்கவில்லை. திருமந்திரத்திலிருந்தும் உண்மை விளக்கத்திலிருந்தும் எடுத்தார். அந்தக் கட்டுரை முதலில் வெளிவந்தது லண்டனில் அல்ல. 1912-ல் நம்மவர் நடத்திய 'சித்தாந்த தீபிகை'யில். 1918-ல் நூலாகி உலகைச் சுற்றிற்று.

இவருக்கும் இங்கிலீஷ் ஓவியர்களுக்கும் இருந்த உறவைச் சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். சிங்களக் கைத்தொழில்களைப் பற்றி 1908-ல் இவர் வெளியிட்ட பெரிய புத்தகம், ஓவியரும் கவிஞருமான வில்லியம் மாரிஸ் உபயோகித்த அதே கை அச்சு யந்திரத்தில் அச்சானது, 425 பிரதிகள்தான். 1914-ல் இந்தியச் சிற்பங்களின் படத் தொகுதி ஒன்றை இவர் கொண்டுவந்தபோது முன்னுரை எழுதியவர் ஆங்கிலச் சிற்பி எரிக் கில். உளியைப் பிடித்துக் கல்லிலேயே நேரே செதுக்க வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்த கில்லுக்கு நம் ஸ்தபதிகளின் வேலை கண்ணைத் திறந்துவிட்டது. இன்று கில்லைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தியாவைத் தொடாமல் எழுத முடிவதில்லை. வெள்ளைக்கார ஓவியன் நம்மை வரைய வந்த காலம் போய், நம்மிடம் கற்றுக்கொண்டுபோன காலமும் வந்தது. மாஸ்டருடைய நோட்டில் இந்தப் பகுதிதான் நீளமானது. எனக்கும் இதுதான் பிடித்தது.

பிளேடு போட்ட பக்கம்

இந்தப் புத்தகங்களை எங்கே பார்ப்பது? சிதம்பரத்தில் அண்ணாமலை சர்வகலாசாலை 1929 முதல் நடக்கிறது. சென்னையில் பெரிய நூலகங்கள் இருக்கின்றன. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு. ஆனால் ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். ஊரும் பேரும் வேண்டாம். ஒரு பழைய நூலகத்தில் தென்னாட்டுச் சித்திரங்கள் அடங்கிய தொகுதி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பொருளடக்கத்தில் தஞ்சாவூர் இருந்தது, உள்ளே இல்லை. பக்கத்தின் வேரோடு, நூல் பிடித்தாற்போல் நேராகப் பிளேடு போட்டிருந்தார்கள். மதுரையும் அப்படியே. நூலகர் பாவம், என்னைவிட அதிகமாக அதிர்ந்துபோனார்.

இது நம் ஊர்ப் பாவம் மட்டும் அல்ல. லண்டனிலேயே வியாபாரிகள் முழுப் புத்தகத்தை வாங்கிப் பிரித்து, தனித்தனித் தாளாகச் சட்டம் போட்டு விற்பது நீண்ட நாளைய வழக்கம். முழுசாக விற்றால் வரும் பணத்தைவிடத் துண்டாக விற்றால் அதிகம் வருகிறது. ஓட்டல் வரவேற்பறையில் டேனியலின் ராமேசுவரம் தொங்கும். அதன் பக்கத்தில் இருந்த விளக்கம் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும்.

நல்ல காலமாக, இப்போது பிரிட்டிஷ் நூலகமும் யேல் மாளிகையும் ஏராளமான சித்திரங்களைக் கணிப்பொறி வழியாக எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. இருநூறு கினி கொடுக்க வேண்டியதில்லை. மாஸ்டருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அவருடைய பேத்தி. கைப்பேசியில் டேனியலின் மாமல்லபுரத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினாளாம். "பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்ததைவிடத் தெளிவு, தம்பி. மரத்து இலையில் அவன் தூரிகை போன போக்குக்கூடத் தெரிகிறது" என்றார்.

"அப்படியானால் கோட்டைப் படம்?"

"பழைய வரைபடங்கள் கிடைத்தன. கொத்தளம் எங்கே, வாசல் எங்கே என்று கோடு போட்டுக் காட்டுகிறது. நான் நினைக்கிற மாதிரிப் படம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை" என்றார்.

பேசிக்கொண்டே தம் துணிப்பையிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். அதில் தாள் குத்தியிருந்தது. பாதி வரைந்த படம்: செங்கல் சுவர், முட்செடி, அப்பால் ஆறு. கிழமைக்கு இரண்டு நாள் வந்து வரைகிறாராம். மூன்று மாதமாக நடக்கிறது வேலை. வெயில் ஏறினால் நிழல் மாறிவிடுகிறது. அதனால் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆட்டுக்காரப் பையன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"தாத்தா, இதிலே என்னைப் போடலியா?"

"உன் பேரென்ன, சொல்லு" என்று பென்சிலைக் கூராக்கினார் மாஸ்டர்.